கழற்றிவிட்ட ஒயர்

செல்வராஜுக்கு அலாரத்தின் மேல் நம்பிக்கை அதிகம். முப்பத்தோரு வருஷம் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில், கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை செய்தவர். அங்கே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் ஆள் எழுந்து போவான். மணி அடித்து யாரும் வராமல் போனதை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

அதனால் 2007-ல், புதுப்பட்டினத்தில் அவர் கட்டியிருந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிப் பட்டப்பகலில் திருடர்கள் பூட்டை உடைத்தபோது, சென்னையிலுள்ள ஒரு கம்பெனியை அழைத்து அலாரம் வைத்துக்கொண்டார். ஹால் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதிலிருந்து டெலிபோன் லைனுக்கு ஒரு ஒயர். வீட்டில் ஏதாவது என்றால் பெட்டி தானே சென்னைக்கு டயல் பண்ணும். அங்கே இரவும் பகலும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். போலீசுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அவர்களே சொல்லிவிடுவார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வதற்காகவும் தினமும் காலை பதினொரு மணிக்குப் பெட்டி ஒருமுறை சென்னையைக் கூப்பிடும்.

அந்த வருஷக் கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் தளர்ந்தன; ஊன்றுகோல் பிடித்து மெல்ல நடப்பார். புத்தி கொஞ்சமும் மங்கவில்லை. ஆனால் பேச்சு குழறியது; ஒவ்வொரு வார்த்தையும் வெளியே வர நேரம் பிடித்தது. கம்பெனிக்காரர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டன் கொடுத்தார்கள். அமுக்கினால் வீட்டில் சத்தம் வராது. திருடன் எதிரே நின்றாலும் அவனுக்குத் தெரியாது. சென்னைக்கு மட்டும் தெரியும்.

அவருடைய ஒரே மகள் ஜெஸ்ஸி. அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்ததால், பெங்களூர் வேலையை விட்டுவிட்டு அவள்தான் வர வேண்டியிருந்தது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தாள். வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், வீட்டில் நெட் ஒழுங்காக இருந்தால் என்று மேலாளர் பிரபாவதி சொல்லியிருந்தாள். 2008 ஜூன் மாதம் பிராட்பேண்ட் வந்தது. ஒயர்லெஸ் மோடம். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்தே வேலை செய்யலாம்.

ஆனால் நெட் நிற்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோகும். பதினொரு மணிக்குக் கட்டாயம் போகும், சரியாக மீட்டிங் நடக்கும் நேரத்தில். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு பிரபாவதி கூப்பிட்டாள்.

"ஜெஸ்ஸி, எனக்கு உன் நிலைமை புரியுது. ஆனா மேல கேக்குறாங்க. இன்னும் ஒரு தடவை லைன் போச்சுன்னா நீ தினமும் ஆபீஸ் வந்துடு. இல்லன்னா வேற ஏதாவது பாத்துக்கோ."

தினமும் ஆபீஸ் என்றால் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று பஸ் மாறிப் போய்வர வேண்டும். காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை அப்பா தனியாக இருப்பார். சமையலுக்கு வரும் தெய்வநாயகி பதினொரு மணிக்குக் கிளம்பிவிடுவாள். வேலையை விட்டால் வீடு ஓடாது. அன்று இரவு ஜெஸ்ஸி தூங்கவில்லை.

மறுநாள் லைன்மேன் தர்மராஜ் வந்தார். அந்தப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். மோடத்தைப் பார்த்தார், லைனைப் பார்த்தார், கடைசியில் வெள்ளைப் பெட்டியின் முன்னால் நின்றார்.

"இதாம்மா பேஜாரு பண்ணிகினு கீது. உள்ள வர்ற லைனு மொதல்ல இதுக்குள்ள பூந்து அப்பறந்தான் மோடத்துக்கு வருது. இதுக்குத் தனியா ஒரு ஃபில்டர் மாட்டணும். அப்பத்தான் ரெண்டும் சண்ட போடாம ஓடும்."

"மாட்டிடுங்கண்ணா."

"என் கைல இல்லியே. போனுக்கு மாட்டுறதுதான் கீது. இதுக்கு வேற மாரி வேணும். ஆபீஸ்ல எழுதி வெக்கிறேன், வந்தா எத்தாரேன்."

"எத்தனை நாள் ஆகும்?"

"இன்னா ஒரு வாரம், பத்து நாளு."

ஜெஸ்ஸி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால். பதினொரு மணிக்கு மீட்டிங்.

"அதுவரைக்கும் இதைக் கழட்டி விட்டா நெட் நிக்குமா?"

தர்மராஜ் தலையைச் சொறிந்தார். "நெட்டு ஜோரா நிக்கும். ஆனா அலாரம் வெளிய பேசாது. உங்க நைனா கைல ஒரு வார்த்த கேட்டுக்கம்மா."

அப்பா உள்ளே கட்டிலில் இருந்தார். கேட்டால் பதில் சொல்லுவார். ஆனால் அது ஏன், இது எப்படி என்று கேட்பார். ஒவ்வொரு கேள்வியும் முடிய ஒரு நிமிஷம் ஆகும்.

"நான் சொல்லிக்கிறேன். கழட்டிடுங்க."

அவர் கழற்றினார். அன்றைக்கு நெட் ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை.

சாயங்காலம் பெட்டி பீப் பீப் என்று அடிக்கத் தொடங்கியது. லைன் இல்லை என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. ஜெஸ்ஸி எண்களை அமுக்கி அதை அடக்கினாள்.

"என்ன... சத்தம்... மக்களே?" உள்ளேயிருந்து அப்பா கேட்டார். நாகர்கோவிலை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

"பேட்டரிப்பா. மாத்தச் சொல்லியிருக்கேன்."

முதல் வாரத்தில் இரண்டு முறை தர்மராஜுக்குப் போன் செய்தாள். ஸ்டாக் வரவில்லை என்றார். பிறகு அவள் கேட்கவில்லை. நெட் நன்றாக ஓடியது. பிரபாவதி எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினாள். தெரியாத நம்பரிலிருந்து சில தடவை அழைப்பு வந்தது. மீட்டிங்கில் இருந்ததால் வெட்டிவிட்டாள். அப்பாவிடம் மட்டும், "நெட்காரர் ஒருத்தர் ஒரு சாமான் கொண்டுவருவார்ப்பா. வந்தா கதவைத் திறந்துவிடுங்க" என்று சொல்லி வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருவதால் எல்லோரும் ஆபீஸுக்கு வர வேண்டும் என்றார்கள். ஜெஸ்ஸி போனாள். ஹாலில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் வெப்கேமரா பொருத்தி, அவள் கூப்பிட்டால் தானாகத் திறந்துகொள்ளும்படி செய்திருந்தாள். ஆபீஸ் நாட்களில் இடையிடையே அதில் எட்டிப்பார்ப்பாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். திரையில் அவள் முகம் தெரிந்ததும் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். அது போதும் அவளுக்கு.

பதினொன்று நாற்பதுக்குக் கூப்பிட்டாள். படம் விட்டுவிட்டு வந்தது. அப்பா நாற்காலியில் இருந்தார். கையைத் தூக்கவில்லை. அவர் பக்கத்தில் நீலச் சட்டை போட்ட ஒருவன், தோளில் பையோடு நின்றிருந்தான். ஃபில்டர் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். தர்மராஜ் வேறு ஆளை அனுப்பியிருக்கிறார் போலிருக்கிறது.

அப்போது படுக்கையறையிலிருந்து இன்னொருவன் வந்தான். அவன் கையில் அம்மாவின் நகைப்பெட்டி இருந்தது.

அதை நீலச் சட்டைக்காரனின் பையில் போட்டுவிட்டு மறுபடி உள்ளே போனான். ஜெஸ்ஸியின் ஹெட்போனில் பீரோக் கதவு இடிபடும் சத்தம் கேட்டது. அப்பாவின் இடது கை சட்டைக்குள் நெஞ்சருகே இருந்தது. துணிக்கு அடியில் கட்டைவிரல் அசைந்தது. அமுக்கினார். வாசலைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுக்கினார். அவர் முகத்தில் பயம் இல்லை. ஆள் வரப்போகிறான் என்று தெரிந்தவரின் முகம் அது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்த பரணிதரன் திரும்பிப் பார்த்தான். "என்னாச்சு?"

"எங்க வீடு பரணி. திருடன். நூறுக்கு போடு. புதுப்பட்டினம், கடற்கரைத் தெரு."

அவன் தன் போனை எடுத்தான். அவள் அலாரம் கம்பெனிக்குப் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"எங்க வீட்டுல ஆள் பூந்துட்டாங்க. அப்பா பட்டனை அமுக்கிட்டே இருக்கார்."

"பாஸ்வேர்ட் சொல்லுங்க மேடம்."

அம்மாவின் பெயர்தான் பாஸ்வேர்ட். சொன்னாள். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"எங்களுக்கு சிக்னல் எதுவும் வரலையே மேடம். பன்னெண்டு நாளா டெஸ்ட் சிக்னல்கூட வரல. உங்க மொபைலுக்குப் பல தடவை கூப்பிட்டோம், கட் ஆச்சு. வீட்டு நம்பர்ல சார் எடுத்தார். அவர் பேசுறது எங்களுக்குப் புரியல, விஷயத்தைச் சொல்லாமலே வெச்சுட்டோம்."

"சரி. இப்ப சொல்றேன்ல. போலீசுக்குச் சொல்லுங்க."

"சொல்லிடுறேன் மேடம். லைன்ல இருங்க."

அவள் லைனில் இருக்கவில்லை. பரணிதரன் மூன்றாவது முறையாக முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தான். வண்டி தூரத்தில் இருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது என்றார்களாம். பக்கத்து வீட்டு நம்பர் அலாரம் கம்பெனியிடம்தான் இருந்தது, அவளிடம் இல்லை. அந்தத் தெருவில் அவளுக்கு ஒருவரையும் சரியாகத் தெரியாது. போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனபோது தர்மராஜின் பெயர் வந்தது.

"ஃபில்டர் இன்னும் வரலம்மா" என்று எடுத்ததுமே சொன்னார்.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"மீன் மார்க்கெட்டாண்ட கம்பத்து மேல கீறேன். இன்னாம்மா?"

"வீட்டுல திருடன் அண்ணா. ரெண்டு பேர். அப்பா தனியா இருக்கார். எனக்கு அங்க வேற யாரையும் தெரியாது."

"தோ போறேன்" என்றார். ஏணி சரியும் ஓசை கேட்டது. யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். லைன் அறுந்தது.

மீன் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்குச் சைக்கிளில் ஏழெட்டு நிமிஷம். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு நிமிஷம் ஆயிற்று. நீலச் சட்டைக்காரன் அப்பாவின் கை அசைவதைக் கவனித்துவிட்டான். குனிந்து சட்டையை விலக்கிப் பார்த்தான். பட்டனைப் பிடித்து இழுத்தான். கயிறு அறவில்லை. கயிற்றோடு அப்பாவின் தலையும் முன்னால் வந்தது.

"யாருக்குடா இது? யாருக்கு அமுக்குன?"

அப்பா வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. அவன் கையை ஓங்கினான்.

"பேசாதே ஜெஸ்ஸி" என்றான் பரணிதரன். "நீ பாக்குறது தெரிஞ்சா அவனுங்க என்ன செய்வானுங்களோ."

அவன் சொன்னது அவளுக்குக் கேட்டது. ஆனாலும் மைக்கைத் திறந்தாள்.

"அவரை விடு. நான் பாத்துட்டு இருக்கேன். போலீஸ் தெருவுக்கு வந்தாச்சு. ஓடிடு."

ஹாலில் அவள் குரல் பெரிதாக ஒலித்தது. உள்ளேயிருந்து மற்றவனும் ஓடி வந்தான்; இரண்டு பேரும் சுற்றிலும் பார்த்தார்கள். அப்பாவின் கண்கள் மட்டும் நேராகத் திரைக்கு வந்தன. நீலச் சட்டைக்காரன் கம்ப்யூட்டரை நோக்கி வந்தான். அவன் முகம் திரை முழுவதும் நிறைந்தது. மீசையில் வியர்வை இருந்தது. அப்புறம் படம் இருண்டது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். தொடர்பு கிடைக்கவில்லை.

பரணிதரன் பைக்கில் அவளை ஏற்றிக்கொண்டான். நாற்பது கிலோமீட்டர். செங்கல்பட்டில் சிக்னலில் நின்றபோது வீட்டு லேண்ட்லைனுக்குப் போட்டாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. தர்மராஜுக்குப் போட்டாள், அதுவும் அடித்துக்கொண்டே இருந்தது. அவரையும் அடித்துப் போட்டுவிட்டார்களோ? தான் பேசியதால் அப்பாவை... அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது. எதிர்க்காற்றில் கண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. சிறுவயதில் பைபிளிலிருந்து மனப்பாடம் செய்த சங்கீதம் ஒன்றைச் சொல்லப் பார்த்தாள். முதல் வரிக்கு மேல் வரவில்லை. "கர்த்தாவே, கர்த்தாவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். சாலையில் எல்லோரும் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது போன் அடித்தது. புதிய நம்பர். பைக்கை நிறுத்தச் சொன்னாள்.

"நான்தாம்மா, தர்மராசு. போன உங்க வூட்டுலயே வுட்டுட்டேன். இது ஆசுபத்திரில ஒருத்தர்கிட்ட வாங்கிப் பேசறேன்."

"அப்பா?"

"கீறாரும்மா. மூச்சு கீது. நாங்க போறப்ப அவனுங்க பின்பக்கமா ஓடிட்டானுங்க. நைனா நாற்காலியோட கீழ வுழுந்து கெடந்தாரு. மண்டைல ரத்தம். இடுப்ப அசைக்க முடியல. ஆட்டோல தூக்கியாந்துட்டோம். நீ பதறாத வாம்மா."

அவள் போனைக் காதில் வைத்தபடியே பைக்கில் ஏறினாள். பரணிதரன் ஆஸ்பத்திரிக்கு விட்டான்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தலையில் ஒன்பது தையல். அவள் குரல் கேட்ட பதற்றத்தில் அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினானா, அவள் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் மோசமாக அடித்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஜெஸ்ஸி அந்தக் கேள்வியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு இரவு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் நாள் காலை தர்மராஜ் டிபன் வாங்கிக்கொண்டு வந்தார். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"யம்மா, போலீஸு அலாரம் ஏன் அடிக்கலன்னு கேக்குறாங்கோ. ஒயர நான்தான் கழட்டனேன்னு எழுதினா எனக்கு வேல பூடும். பொண்ணு கல்யாணம் வெச்சுகீறேன்."

"நான் சொல்லித்தானே கழட்டினீங்க. அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். உங்க பேர் அதுல இல்ல."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க நைனா ஆட்டோல வர்றப்ப ஏதோ சொல்லிகினே வந்தாரும்மா. எனக்குத்தான் வெளங்கல."

அது என்ன என்று மூன்றாம் நாள் தெரிந்தது. அப்பா கண் விழித்ததும் பேனாவும் காகிதமும் எடுக்கச் சொன்னார். அலாரம் கம்பெனிக்குப் புகார்க் கடிதம். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுத வேண்டும்.

"பதினொண்ணு... முப்பத்தாறுக்கு... மொதல்ல அமுக்கினேன். சுவர்க் கடிகாரம்... பாத்தேன். அப்புறம்... நிமிஷத்துக்கு... ஒரு தடவை. யாரும்... வரல."

அவள் அதுவரை எழுதினாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "உங்க பெட்டி... வேலை செய்யல. இது... பெரிய... தப்பு."

பேனா நின்றது.

"எழுது."

"அப்பா, பெட்டி மேல தப்பு இல்ல. கம்பெனி மேலயும் இல்ல. நான்தான் லைனைக் கழட்டச் சொன்னேன். நெட் நிக்கல. வேலை போயிடும்னு பயந்துட்டேன். ஃபில்டர்னு ஒண்ணு வரணும், அது வர்ற வரைக்கும்தான்னு நெனச்சேன். பேட்டரின்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மதியக் கஞ்சியை அவள் கையால் வாங்கவில்லை. நர்ஸ் கொடுத்தாள், குடித்தார். சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஃபில்டர்... ஒரு காயில்... ரெண்டு கண்டென்சர். அவ்வளவுதான். கேட்டிருந்தா... நான் சொல்ல... நீ சால்டர் பண்ணியிருக்கலாம். ஒரு மணி நேர... வேலை."

ஜெஸ்ஸி பாதி எழுதிய கடிதத்தை எடுத்து மடித்தாள்.

"எனக்குப் பேச... லேட்டாகும்னுதானே... கேக்கல?"

இல்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. "ஆமாப்பா" என்றாள்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் அவளிடம் அதிகம் பேசவில்லை. அவளும் சமாதானம் சொல்ல முயலவில்லை. துணி மாற்றினாள், முதுகு துடைத்தாள், இரவில் அவர் முனகும்போது எழுந்து நின்றாள். வேலையை விட்டுவிட்டதாக பிரபாவதிக்கு ஒரு வரி எழுதி அனுப்பினாள். இனி எப்படிக் காலம் தள்ளப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஐந்து வாரம் கழித்து அவரைச் சக்கர நாற்காலியில் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அந்த வீட்டுக்குள் நுழைய அவள்தான் தயங்கினாள். அவர் ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

மறுநாள் காலை போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். கடப்பாக்கத்தில் ஒருவனைப் பிடித்திருந்தார்கள். நான்கைந்து புகைப்படங்களை மேஜையில் பரப்பினார். செல்வராஜ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றின்மேல் இடது கையை வைத்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார்.

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு ஜெஸ்ஸி பக்கம் திரும்பினார். "நீங்களும் கேமராவுல பாத்தீங்கல்ல? சார் என்ன சொல்ல வர்றார்னு நீங்களே சொல்லிடுங்களேன். எழுதிட்டுக் கிளம்பிடுறேன்."

செல்வராஜ் மகளைப் பார்த்தார்.

"அவரே சொல்லுவார் சார்" என்றாள் ஜெஸ்ஸி. "நேரம் ஆகும். நீங்க உக்காருங்க, காபி போட்டுக் கொண்டுவரேன்."